வுட்காக்கா, கிரௌஸா, ஃபெசன்டா: முதல் இலையுதிர்கால வேட்டைக்கு எந்தப் பறவை?

மிச்சிகனில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன துப்பாக்கி வாங்கலாம்?" என்பதுதான். நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. எந்தப் பறவையின் பின்னால் நடக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பறவை முடிவானால் நாய் முடிவாகும். பறவையும் நாயும் சேர்ந்து துப்பாக்கியையும், தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவையின் அளவையும், வார இறுதியில் கார் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடும். இந்த வரிசை மாறினால் பணம் வீணாகும். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்; இளம் நாயின் முதல் பருவம் வீணானால் அதை ஈடுகட்ட வழியில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய ஏரிப்பகுதி மாநிலங்களில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்ற முதல் பறவை வுட்காக். அக்டோபர் நடுப்பகுதியில், வட மிச்சிகனின் இளங்காடுகளில், பறவையின் வாசம் கிடைத்ததும் அசையாமல் நின்று காட்டும் நாயோடு போக வேண்டும். காட்டுக்கோழி போன்ற கிரௌஸ் இரண்டாவது. புல்வெளிப் பறவையான ஃபெசன்டை நான் மூன்றாவதாக வைப்பேன். ஆனால் சிலருக்கு அதுவே முதலாவதாக அமையலாம், அந்தச் சிலர் யாரென்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் சட்டம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நண்பரின் துப்பாக்கியை ஒரு மணி நேரம் கையில் வாங்கி நடப்பதும் இதற்குள் அடங்கும். முறைப்படி பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தத் தடைக்கான விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் முடிந்த மறுநாள் விதிவிலக்கும் முடிந்துவிடும். துப்பாக்கி அலமாரியில் இருந்தாலும் சிக்கல்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. விசாவில் இருப்பவர்கள் எதையும் வாங்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பல ஆண்டு உழைப்பைப் பணயம் வைத்துப் போக வேண்டிய அளவுக்கு எந்தப் பறவையும் பெரிதல்ல.

மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அடிப்படை உரிமத்தோடு வுட்காக்குக்கென இலவச முத்திரை ஒன்றும் வாங்க வேண்டும். வலசைப் பறவை என்பதால் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும். கிரௌஸுக்கும் ஃபெசன்டுக்கும் இந்தக் கூட்டாட்சி விதி இல்லை, ஆனால் இரட்டைக்குழல் வைத்திருப்பவருக்கு எந்தக் கவலையும் இல்லை.

பறவையின் குணம்

வுட்காக் உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண் 170 கிராம் அளவு, பெண் 200 கிராமைத் தாண்டும். நீண்ட அலகை ஈர மண்ணுக்குள் செருகி, அலகின் மேல்நுனியை மட்டும் மண்ணுக்குள்ளேயே திறந்து மண்புழுவைப் பிடிக்கும். கண்கள் தலையின் மேற்பக்கத்தில், பின்னோக்கி அமைந்திருப்பதால் தலை தாழ்ந்திருக்கும்போதும் நாலாபுறமும் பார்க்கும். உடல் முழுக்கக் காய்ந்த இலையின் நிறம். அந்த நிறத்தை நம்பித்தான் அது வாழ்கிறது. ஆபத்து நெருங்கினால் ஓடுவதைவிட உறைந்து உட்காருவதையே முதலில் செய்யும்.

புதியவருக்கு இதை நான் பரிந்துரைப்பதன் காரணம் முழுவதும் இந்த ஒரு குணத்தில் இருக்கிறது. பறவை உட்கார்ந்திருப்பதால் இளம் நாய்க்கு வாசத்தைப் பிடித்து, நின்று, யோசிக்க நேரம் கிடைக்கிறது. நாய் நிற்பதால் உங்களுக்கு அதன் பக்கம் நடந்து வர, கூட வந்தவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க, காலை ஊன்ற நேரம் கிடைக்கிறது. பிறகு வுட்காக் கிளம்பும்போது தண்டுகளுக்கு இடையே ஏறக்குறைய நேராக மேலே எழும். சிறகின் வெளி இறகுகள் குறுகலாக இருப்பதால் காற்றில் கிறீச்சிடும் ஒலி கேட்கும். மர நுனியை எட்டியதும் திசை திரும்பும். சுடும் தூரம் பெரும்பாலும் பதினைந்து, இருபது கஜம். தவறவிட்டாலும் அது நூறு கஜத்துக்குள் மீண்டும் இறங்கிவிடுவது வழக்கம். நாய்க்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். மற்ற இரண்டு பறவைகளும் இத்தனை பொறுமையாகப் பாடம் நடத்துவதில்லை.

எங்கே தேடுவது என்பதும் படித்துக் கற்றுக்கொள்ளக்கூடியதே. வெட்டப்பட்ட பிறகு மீண்டும் முளைத்து, மணிக்கட்டுப் பருமனில் நெருக்கமாக நிற்கும் ஆஸ்பென் காடு, ஓடைக்கரை ஆல்டர் புதர், இவற்றுக்குள் நடக்க இடமும் காலடியில் ஈரமும் இருந்தால் நின்று பாருங்கள். சுண்ணாம்பு தெளித்தது போன்ற எச்சமும் பென்சில் குத்திய அளவு துளைகளும் இருந்தால் பறவை அங்கே வந்திருக்கிறது. கிரேலிங் ஊரைச் சுற்றியுள்ள வறண்ட மணற்பாங்கான ஜாக் பைன் சமவெளியில் மண்புழு குறைவு. அதைக் கடந்து ஓடைத் தாழ்வுகளுக்குப் போங்கள். இரவில் வந்து இறங்கிய வலசைக் கூட்டம் நேற்று ஒன்றுகூட இல்லாத இடத்தில் இன்று நிறைந்திருக்கும், நாளை தரை உறைந்தால் தெற்கே போய்விடும். வட மிச்சிகனில் அக்டோபர் இரண்டாம், மூன்றாம் வாரங்களை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரஃப்டு கிரௌஸ் வேறு மனம் கொண்டது. அரை கிலோவுக்குச் சற்று மேலே எடை, வலசை கிடையாது, பிறந்த காட்டிலேயே பனிக்காலத்தையும் கழிக்கும். குளிர்காலத்தில் ஆஸ்பென் மொட்டுகளைத் தின்று உயிர்வாழும். அதுவும் அதே இளங்காட்டைத்தான் விரும்புகிறது. ஒரே நடையில் இரண்டையும் சந்திப்பது இயல்பு. ஆனால் நாயின் காலடி கேட்டால் நடந்து நழுவிவிடும். கிளம்பும்போது தனக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். இடி போன்ற சிறகொலி மட்டும் உங்களுக்கு, பறவை காட்டுக்கு. முப்பது கஜத்துக்கு அப்பால் வாசத்தைப் பிடித்து அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதை நாய் பல பறவைகளைத் தவறவிட்டுத்தான் கற்றுக்கொள்ளும். கிரௌஸ் வேட்டையை நேசிப்பவர்கள் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார்கள், அவர்கள் சொல்வது சரி. அந்த உயரத்துக்கு முதல் ஆண்டிலேயே ஏற முயல வேண்டாம் என்கிறேன்.

கிரௌஸுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வடக்கு மாநிலங்களில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. இறங்குமுகத்தில் தொடங்கியவர் காட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து விட்டுவிடக்கூடும். இலை உதிர்ந்த பிறகு, அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும்தான் கண்ணுக்குத் தெரியும்படி பறக்கும். மிச்சிகனில் நவம்பர் 14 வரை அனுமதி. பிறகு துப்பாக்கி மான் வேட்டைக்காக நிறுத்தி, டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மீண்டும் திறக்கிறார்கள்.

ஃபெசன்ட் இந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. ஷாங்காயில் அமெரிக்கத் தலைமைத் துணைத்தூதராக இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஒரிகனுக்கு அனுப்பிய பறவைகள் அங்கே நிலைத்துப் பெருகின. தெற்கு டகோட்டாவில் 1919இல் முதல் வேட்டைப் பருவம் நடந்தது. இன்று அந்த மாநிலத்தின் அடையாளமே அதுதான். சேவல் ஒரு கிலோவைத் தாண்டும், நீண்ட வால், பளபளக்கும் கழுத்து. திறந்த புல்வெளியிலும் சோளக்கொல்லை ஓரத்திலும் எழுவதால் பறவை முழுதாகத் தெரியும். அதனால் சுடுவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். சுடுவதற்கு முன் அது சேவலா பெட்டையா என்று பார்த்தாக வேண்டும். பெட்டையைச் சுடக் கூடாது. மாலை வெயில் எதிரில் இருக்கும்போது அந்த அரை நொடி முடிவு புதியவருக்குக் கடினம். மேலும் ஃபெசன்ட் ஓடும். நாய் நின்று காட்டும்போது அது இருநூறு கஜம் தள்ளிப் போயிருக்கும். நின்று பழக வேண்டிய குட்டியை ஓடும் பறவையின் பின்னால் விட்டால் அது நிற்பதை மறந்து துரத்தக் கற்றுக்கொள்ளும்.

பாப்வைட் காடையைப் பற்றிச் சுருக்கமாக: ஜார்ஜியா, டெக்சஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அது அருமையான தேர்வு, நாய் பழக்கவும் நல்லது. ஆனால் ஜார்ஜியாவில் நல்ல இடம் பெரும்பாலும் தனியார் பண்ணைகளில்தான், செலவும் அதிகம். வளர்த்த பறவைகளை விட்டு வேட்டையாடும் கட்டணத் தோட்டங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நாயைத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்க அங்கே ஒரு காலை செலவிடலாம். காட்டுப் பறவைக்கு அது மாற்றாகாது.

எதை எவ்வளவு எடுக்கலாம்

இங்கே எனக்கு அக்கறை அதிகம், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வுட்காக்குக்கு நாள் ஒன்றுக்கு மூன்று, பருவம் 45 நாள். மிச்சிகனின் வடபகுதியில் கிரௌஸுக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து. தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் சேவல் மூன்று. எண்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றின் பின்னால் இருக்கும் உயிரியல் வேறு. பெண் வுட்காக் நான்கு முட்டைதான் இடும். கிரௌஸும் ஃபெசன்டும் பத்து, பன்னிரண்டு முட்டை வரை இடும். ஃபெசன்டில் ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேர்வதால் சேவல்களை எடுப்பதால் மறுவருடத்துக் கூட்டம் குறைவதில்லை. அங்கே பறவையின் தலைவிதியைத் தீர்மானிப்பது புல்வெளி. 1985 வேளாண் சட்டத்தின் மூலம் விளைநிலத்தைப் புல்லாக விட உழவர்களுக்குப் பணம் தரத் தொடங்கியபோது ஃபெசன்ட் பெருகியது. அந்த நிலம் மீண்டும் உழவுக்குப் போனபோது குறைந்தது.

வுட்காக்கின் எண்ணிக்கையை 1968 முதல் வசந்தகால மாலைகளில் ஆண் பறவைகளின் குரலை எண்ணிக் கணக்கிடுகிறார்கள். அந்த நீண்ட கணக்கு இறங்குமுகமாகவே இருக்கிறது. முக்கியக் காரணம் இளங்காடு குறைந்தது. கைவிடப்பட்ட பண்ணைகள் முதிர்ந்த காடாக வளர்ந்துவிட்டன, மரம் வெட்டுவதும் பல இடங்களில் நின்றுபோனது, நெருக்கமான இளந்தண்டுகள் இல்லாமல் போயின. கிரௌஸுக்கும் இதே கதைதான். இந்தியானா 2020இல் அதை மாநில அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவையாக அறிவித்தது. பென்சில்வேனியாவில் வெஸ்ட் நைல் வைரஸும் சேர்ந்து அடித்தது.

அப்படியானால் வுட்காக்கை ஏன் பரிந்துரைக்கிறேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூன்று என்ற வரம்பும் 45 நாள் பருவமும் இந்த எச்சரிக்கையை உள்ளடக்கியே வகுக்கப்பட்டவை. வேட்டைக்காரர்கள் தபாலில் அனுப்பும் இறக்கைகளைப் பார்த்து அந்த ஆண்டு எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்று ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்கள். இறக்கை அனுப்பச் சொல்லி உங்களுக்கு உறை வந்தால் தவறாமல் அனுப்புங்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நாம் கொடுக்கும் விலையில் 1937ஆம் ஆண்டின் சட்டப்படி 11 சதவீத வரி சேர்ந்திருக்கிறது, அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. இவையெல்லாம் சரிதான். ஆனாலும் வரம்பு என்பது எட்டியே தீர வேண்டிய இலக்கு அல்ல. இளம் நாய் ஒழுங்காக நின்று காட்டிய ஒரு பறவையை எடுத்த பிறகு, அடுத்தவற்றை எழுப்பிப் பறக்கவிட்டுவிட்டுப் போகலாம். நாய்க்கு வேண்டிய பாடம் அதிலும் கிடைத்துவிடுகிறது. இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் குளிர்காலத்தில் வந்துபோவது இதன் பெரிய உறவான யூரேசிய வுட்காக். ஆங்கிலேயர் காலத்தில் ஊட்டிச் சோலைகளில் அதை வேட்டையாடினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஊருக்குப் போகும்போது சோலை விளிம்பில் பைனாகுலரோடு தேடிப் பாருங்கள். இங்கே பழகிய கண்ணுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

நாய்: காட்டி நிற்பதா, கிளப்புவதா

நாய் இல்லாமல் கிரௌஸுக்குப் போகலாம். காட்டுப் பாதையில் மெதுவாக நடந்து, நின்று, மறுபடி நடந்தால் அமைதி தாங்காமல் சில கிளம்பும். நாய் இல்லாமல் வுட்காக்குக்குப் போவது வீண். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பறவையைக் கடந்து போவீர்கள். விழுந்த பறவையைக் காய்ந்த இலைக்குள் கண்டுபிடிக்கவும் முடியாது. சுட்ட பறவையைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவதைப்போல வெட்கப்பட வேண்டியது வேறில்லை. ஆகவே வுட்காக் என்று முடிவு செய்தால் நாயும் சேர்ந்தே முடிவாகிறது: சொந்த நாய், நண்பரின் நாய், அல்லது முதல் ஆண்டில் வழிகாட்டியின் நாய்.

காட்டி நிற்கும் இனங்களில் இங்கிலீஷ் செட்டர், பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் மூன்றும் வட காடுகளில் பரவலாகக் காணப்படுகின்றன. கிளப்பும் இனங்களில் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், காக்கர், லேப்ரடார். கிளப்பும் நாய் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். அது புதருக்குள் நுழையும் நொடியில் பறவை எழுந்துவிடும்; நீங்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அடர்ந்த ஆஸ்பெனுக்குள் புதியவர் அப்படி எப்போதும் தயாராக இருப்பது ஆபத்தும்கூட. காட்டி நிற்கும் நாய் எழுபது கஜத்தில் இருந்தாலும் கழுத்து மணி நின்றதும் உங்களுக்குத் தெரியும், நிதானமாகப் போகலாம். மணியோடு ஜிபிஎஸ் பட்டையும் போடுங்கள். பெருங்காட்டில் நாயைத் தொலைத்தவரின் இரவு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன்.

வீட்டு நிலவரத்தையும் பாருங்கள். ஷார்ட்ஹேர்டு பாயின்டருக்கு நாள்தோறும் கடும் ஓட்டம் வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டைப் பிரித்துப்போடும். சிறு வீடு, சிறு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர் என்றால் பிரிட்டனி நல்ல நடுவழி. உருவம் சிறியது, குணம் மென்மை, காட்டில் நெருங்கியே வேலை செய்யும். செட்டரின் முடியில் முட்செடி விதைகள் ஒட்டிக்கொள்ளும், மாலையில் ஒரு மணி நேரம் சீவ வேண்டும். என் மனம் செட்டரின் பக்கம் என்றாலும் முதல் நாய்க்குப் பிரிட்டனி என்பேன். ஃபெசன்டைத்தான் முதன்மையாக வேட்டையாடப்போகிறீர்கள் என்றால் ஸ்பிரிங்கரோ லேப்ரடாரோ எடுங்கள், அங்கே அவற்றை மிஞ்ச முடியாது.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: சில நாய்கள் வுட்காக்கைக் கண்டுபிடிக்கும், நின்று காட்டும், விழுந்த இடத்தையும் காட்டும், ஆனால் வாயில் எடுக்காது. அதன் வாசமோ எளிதில் உதிரும் இறகோ பிடிப்பதில்லை. திட்டாதீர்கள். நாய் நிற்கும் இடத்தில் நீங்களே குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.

பையில் இடுக்கி ஒன்று கட்டாயம் வேண்டும். வடகாட்டு முள்ளம்பன்றியை முகர்ந்துவிட்டு நாய் திரும்பி வந்தால் கால்நடை மருத்துவரை எட்டுவதற்கு முன் நீங்கள்தான் மருத்துவர். உண்ணிகள் அக்டோபரிலும் சுறுசுறுப்பாக இருக்கும். லைம் நோயைப் பரப்புபவை அவைதான். கண்ணாடி அணியாமல் இளங்காட்டுக்குள் நுழையாதீர்கள், குச்சி கண்ணில் குத்தும்.

துப்பாக்கியும் ரவையும்

இப்போதுதான் அந்த முதல் கேள்விக்கு வருகிறேன், பதிலும் எளிதாகிவிட்டது. நாள் முழுக்கப் புதருக்குள் தூக்கி நடக்க வேண்டிய வேட்டை இது. மூன்று கிலோவுக்குள் அடங்கும் 20 கேஜ் போதும் (கேஜ் என்பது குழலின் அளவு; எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்). 28 கேஜ் வுட்காக்குக்கு மிக அழகாகப் பொருந்தும், ஆனால் தோட்டா விலை அதிகம், சிறு ஊர்க் கடையில் கிடைக்காது. 12 கேஜ் ஃபெசன்டுக்குச் சரியானது; ஏற்கெனவே வீட்டில் இருந்தால் லேசான தோட்டாவோடு அதையே காட்டுக்கும் எடுத்துப் போங்கள், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மேலும் கீழுமாகவோ பக்கத்தில் பக்கத்திலோ அமைந்த இரட்டைக்குழலை நான் விரும்புவதற்குக் காரணம் பாதுகாப்பு. விழுந்த மரத்தைத் தாண்டும்போதும் ஓடையைக் கடக்கும்போதும் குழலை மடக்கித் திறந்தால் துப்பாக்கி காலி என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் கண்ணாலேயே தெரிகிறது. ரவை எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கமே சோக். முதல் குழலில் முழுதும் திறந்த அல்லது ஸ்கீட் சோக், இரண்டாவதில் அதைவிடச் சற்று இறுக்கமான இம்ப்ரூவ்டு சிலிண்டர். இருபது கஜத்தில் இறுக்கமான சோக் ஒன்று பறவையைத் தவறவிடும், அல்லது சின்னாபின்னமாக்கிவிடும்.

வுட்காக்குக்கு 8 அல்லது 9ஆம் எண் ரவை, கிரௌஸுக்கு 7½, ஃபெசன்டுக்கு 5 அல்லது 4. எண் ஏற ஏற ரவை சிறிதாகும். ஈய ரவை வுட்காக்குக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே. ஆனால் வீட்டில் குழந்தைகளும் கருவுற்றவர்களும் சாப்பிடப்போகிறார்கள் என்றால் பிஸ்மத் ரவைக்கு மாறுங்கள். விலை பல மடங்கு, ஆனால் ஒரு பருவத்தில் எத்தனை தோட்டா செலவாகிவிடும்? எஃகு ரவை மலிவு, பழைய துப்பாக்கிகளின் குழலுக்கு ஆகாது. தெற்கு டகோட்டாவின் பொது நிலங்கள் பலவற்றில் ஈயம் தடை செய்யப்பட்டிருக்கிறது, போகும் முன் பாருங்கள்.

12 கேஜும் 20 கேஜும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும்; அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

ஆரஞ்சு நிற உடை மிச்சிகனில் கட்டாயம். அதோடு என் விதி ஒன்று: தாழப் பறக்கும் பறவையைச் சுடுவதில்லை. நாய் அதன் பின்னால் எம்பியிருக்கும், கூட வந்தவர் புதருக்கு அப்பால் இருக்கலாம். வானம் பின்னணியாகத் தெரிந்தால் மட்டுமே துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும்.

எந்தத் திசைக்கு

டெட்ராய்ட் சுற்றுப்புறத்தில் நோவை, டிராய், கேன்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஐ-75 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்தில் வட மிச்சிகன் காடு வந்துவிடும். மாநிலக் காடு மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர். அதற்கு மேல் ஹூரான்-மனிஸ்டி, ஹயவாதா, ஒட்டாவா தேசியக் காடுகள். கிரௌஸுக்காகவே பராமரிக்கப்படும் நடைபாதைப் பகுதிகளை மாநில இயற்கைவளத் துறை வரைபடத்தில் தருகிறது; புதியவர் அங்கே தொடங்கி, காட்டின் எந்த வயதில் பறவை இருக்கிறது என்று கற்ற பிறகு கூட்டமில்லாத இடங்களைத் தானே தேடலாம். நாட்டிலேயே வுட்காக் வேட்டையில் பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பது மிச்சிகன்தான். இத்தனை நிலத்துக்கும் கட்டணம் உரிமம் மட்டுமே.

மினியாபொலிஸில் இருப்பவர் மிச்சிகனுக்கு வர வேண்டியதில்லை. வட மினசோட்டாவின் வேட்டை நடைபாதைகளும் விஸ்கான்சினின் பிரைஸ் கவுன்டியும் அவருக்கு நெருக்கம். பாஸ்டன் பக்கம் இருப்பவருக்கு மெயின் மாநிலம். ஹூஸ்டனில் இருப்பவருக்கு லூசியானா: வடக்கே தரை உறைந்ததும் வுட்காக் கூட்டம் அங்கேதான் இறங்குகிறது, பருவம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி இறுதிவரை. நியூ ஜெர்சிக்காரர்களுக்குக் கேப் மே முனை. டெலாவேர் விரிகுடாவைக் கடக்கும் முன் பறவைகள் அங்கே குவிகின்றன.

தெற்கு டகோட்டா போவது என்றால் அது பயணம். டெட்ராய்டிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டம், விடுதி, வெளிமாநிலத்தவர் உரிமம். அந்த உரிமம் ஐந்து நாள் கொண்ட இரு தவணைகளாகக் கிடைக்கிறது. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை, காலை 10 மணிக்கு முன் சுடக் கூடாது. வயல்களின் உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கப் பழக்கம் வேண்டும். புதியவருக்கு அது கிடைப்பது சிரமம், பொது நிலம் தொடக்க வாரத்தில் நெரிசலாக இருக்கும்.

சாப்பாட்டையும் தராசில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வுட்காக்கின் நெஞ்சு கருஞ்சிவப்பு, கால் வெளுப்பு. கோழிக்கு நேர் எதிர். ஈரல் பிடிக்காதவருக்கு நெஞ்சு பிடிக்காது. மிளகும் உப்பும் போட்டு வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி எடுத்தால் போதும், குழம்பில் போட்டு வேகவைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும். கிரௌஸின் இறைச்சி வெள்ளை, மூன்றிலும் சுவை மிகுந்தது. ஃபெசன்ட் நம் குழம்புக்கு நன்றாக வரும், காலில் இருக்கும் நரம்புகளை உருவிவிட வேண்டும்.

ஃபெசன்டை முதலில் எடுக்க வேண்டியவர்கள் யார் என்று சொல்வதாக எழுதியிருந்தேன். காட்டுக்குள் திசை தெரியாமல் தடுமாறுபவர், அடர்ந்த புதருக்குள் நெருக்கடி உணர்பவர், வீட்டில் ஏற்கெனவே லேப்ரடார் இருப்பவர், தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் போன்ற புல்வெளி நாட்டு ஊர்களில் வேலை பார்ப்பவர், நண்பர்கள் பலர் சேர்ந்து போக விரும்புபவர்: இவர்களுக்கு ஃபெசன்ட். வரிசையாக நடக்கும்போது எதிர்முனையில் நிற்பவர்களை மறக்காதவரை அது மகிழ்ச்சியான வேட்டை. நாயும் இல்லை, நாய் உள்ள நண்பரும் இல்லை, ஆனால் காட்டில் நடக்கப் பிடிக்கும் என்பவருக்கு நவம்பர் கிரௌஸ்.

மற்றவர்கள் வுட்காக்கைத் தேர்ந்தெடுத்தால் நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரலில் பிறந்த குட்டி அக்டோபரில் ஆறு மாதத்தைத்தான் எட்டியிருக்கும். அந்தப் பருவத்தில் அதைக் காட்டுக்குள் கொண்டுபோங்கள், பறவைகளைத் தேடட்டும், நிற்கட்டும், தவறி எழுப்பட்டும். சத்தத்துக்கு அதை முதலில் தொலைவிலிருந்து, அது பறவை மீது கவனமாக இருக்கும்போது மட்டும், சிறு தோட்டாவில் தொடங்கிப் பழக்கியிருக்க வேண்டும். பழக்காத குட்டியின் தலைக்கு மேல் சுடவே கூடாது. கூடு கட்டும் பருவத்தில் காட்டுப் பறவைகள் மீது நாயைப் பழக்க மிச்சிகன் அனுமதிப்பதில்லை, ஆகவே கோடையின் பிற்பகுதியில் உங்களுக்குக் கிடைப்பது சில வாரங்களே. குட்டிக்கு இப்போதே சொல்லிவைப்பவர்கள், அடுத்த ஆண்டு அக்டோபரை அதன் முதல் உண்மையான பருவமாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு அக்டோபருக்கு, அனுபவமுள்ள நாய் வைத்திருக்கும் யாரையாவது கேட்டு, துப்பாக்கி இல்லாமலேயே ஒரு நாள் கூட நடந்துவிட்டு வாருங்கள்.